நாட்டுக் காசு தேடி: லண்டனில் தொடங்கி போர்ட்செஸ்டர் வரை

திங்கள், லண்டன்

வீட்டில் எல்லோரும் ஊருக்குப் போயிருக்கிறார்கள், எனக்கு இந்த வாரம் லீவு. கரூரில் பெட்ஷீட், திரைச்சீலை ஏற்றுமதி செய்யும் என் மச்சான் பையரை (சரக்கு வாங்குபவரை) பார்க்க லண்டன் வந்தவர், வேலை முடிந்தும் சனிக்கிழமை வரை ஃபிளைட் இல்லை என்று என்னோடு சேர்ந்துகொண்டார். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்: பிக் பென், டவர் பிரிட்ஜ் எல்லாம் கிடையாது, ரோமானியக் காசு பார்க்கப் போகிறோம், அதிலும் ரோம் அடித்த காசைவிட ரோமைக் கேட்காமல் பிரிட்டனில் அடித்த காசுகளைத்தான் அதிகம் பார்க்கப் போகிறோம் என்று.

"கள்ளக் காசுங்களா மாப்ள?"

ஆமாம் என்று சட்டென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரொம்ப நாளாக இந்தக் காசுகளைப் பார்த்து வருபவன் என்ற முறையில், அந்தப் பெயர் இவற்றில் பாதிக்குப் பொருந்தாது என்பதுதான் என் கட்சி.

பிரிட்டிஷ் மியூசியத்தில் முதலில் 49ஆம் அறை. எல்லோரும் மொய்ப்பது ஹாக்ஸன் புதையலை. 1992இல் சஃபோக்கில் ஒரு விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடித்தர மெட்டல் டிடெக்டரோடு போனவருக்கு அகப்பட்டது இது. சுத்தியலும் கிடைத்துவிட்டது, அதுவும் மியூசியத்துக்கே வந்து சேர்ந்தது. தங்கச் சங்கிலி, ஒரு சீமாட்டியின் தலை வடிவத்தில் மிளகுச் சிமிழ் (உள்ளே போட்ட மிளகு நம் கடற்கரைப் பக்கம் இருந்து போன சரக்கு), அப்புறம் கிட்டத்தட்ட 15,000 காசுகள். நான் போனது அதில் உள்ள சிலிக்குவா என்கிற சின்ன வெள்ளிக் காசுகளுக்காக. அநேகமாக எல்லாவற்றிலும் ஓரத்தைக் கத்தரித்திருக்கிறார்கள். எழுத்து வரி பாதி போயிருக்கும், சிலவற்றில் முழுசாகவே போயிருக்கும், ஆனால் சக்கரவர்த்தியின் தலையில் மட்டும் கத்தரி படாது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனுக்குப் புதுக் காசு வருவது நின்றுவிட்டது. கத்தரித்த துணுக்கை உருக்கி அதே அச்சு மாதிரியில் உள்ளூரிலேயே காசு அடித்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட நகல்கள் இந்தப் புதையலில் மட்டும் 400க்கு மேல், வெள்ளியின் தரம் அசலுக்குக் குறைந்ததில்லை. ஏமாற்ற நினைப்பவன் வெள்ளியில் கை வைக்காமல் விடுவானா?

அங்கிருந்து 68ஆம் அறை, பணத்துக்கான அறை. இங்கே வந்தால் எனக்குப் புதுக்கோட்டை ஞாபகம்தான். 1898இல் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் கருக்காக்குறிச்சியில் கிடைத்த 501 ரோமானியத் தங்கக் காசுகள் இந்த மியூசியத்துக்கு வந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. உள்ளே செம்பு இருக்கிறதா என்று சோதிக்க வெட்டியிருந்தால் எங்கேயாவது ஓரத்தில் வெட்டினால் போதும், முகத்தைத் தேடிப் போய் வெட்ட வேண்டாம். இனி இது காசு இல்லை, வெறும் தங்கம் என்று காட்டத்தான் வெட்டினார்கள் என்று கருதுகிறார்கள். சஃபோக்கில் முகத்தைக் காப்பாற்றி ஓரத்தை வெட்டினான், புதுக்கோட்டையில் ஓரத்தை விட்டுவிட்டு முகத்தை வெட்டினான். ஒருவனுக்கு அந்த முகம்தான் காசின் மதிப்பு, இன்னொருவனுக்கு எடைதான் மதிப்பு.

ரோமானியத் தங்கக் காசுகளுக்கு இந்தியாவிலேயே செய்த நகல்களும் உண்டு. எழுத்து வெறும் கோடும் புள்ளியுமாக இருக்கும், தலைக்கு மேலே ஓட்டையோ வளையமோ இருக்கும், காசுமாலையில் கோத்துக்கொள்ள. மச்சான் இதைக் கேட்டதும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்கூர்ல அமராவதி ஆத்துல பொறுக்குவாங்க மாப்ள. சின்னப் பையனா இருக்கறப்ப பாத்திருக்கறனுங்க. சின்னதா, கருப்பா இருக்கும்." கரூர்க்காரரைக் காசு பார்க்கக் கூட்டி வந்ததில் இப்படி ஒரு லாபம்.

செவ்வாய், கோல்செஸ்டர்

லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். மழை. கோட்டைக்குள்தான் மியூசியம், கோட்டை நார்மன்கள் கட்டியது, அது உட்கார்ந்திருப்பதோ கிளாடியஸ் சக்கரவர்த்தியின் கோயில் அடித்தளத்தின்மேல். கி.பி. 43இல் அவருடைய படை பிரிட்டனில் இறங்கியது. செத்த பிறகு அவரைச் சாமியாக்கி இங்கே கோயில் கட்டினார்கள். கி.பி. 60 அல்லது 61இல் ரோமை எதிர்த்துக் கிளம்பிய பூடிக்கா ராணி ஊரையே கொளுத்தினார். கோயிலுக்குள் புகுந்துகொண்டவர்கள் இரண்டு நாள் தாக்குப்பிடித்தார்கள், அவ்வளவுதான்.

எனக்கு இங்கே வேலை கிளாடியஸின் செம்புக் காசோடு. ஆஸ் என்று பெயர். முன்பக்கம் கிரீடமில்லாத வெறுந்தலை, பின்பக்கம் மினர்வா தேவி, தலைக்கவசம், ஒரு கையில் ஓங்கிய ஈட்டி, மறு கையில் கேடயம், இரண்டு பக்கமும் எஸ், சி என்று பெரிய எழுத்துகள். ரோமில் அடித்த நல்ல காசு 11 கிராம் பக்கம் நிற்கும். பிரிட்டனில் தோண்டினால் கிடைப்பவற்றில் பெரும் பங்கு அப்படி நிற்காது. 8 கிராம், 6 கிராம், சில அதற்கும் கீழே. எடை இறங்க இறங்க மினர்வாவின் இடுப்பு மெலிந்து, கால்கள் குச்சியாகி, கேடயம் ஒரு வட்டமாகச் சுருங்கி, கடைசியில் கிளாடியஸுக்குப் பதிலாக யாரோ பக்கத்து ஊர்ப் பையன் முகம் வந்து நிற்கும்.

காரணம் சிக்கலானதில்லை. நாலு லெஜியன் (ரோமின் பெரும் படைப்பிரிவு), கூடத் துணைப்படைகள், கிட்டத்தட்ட 40,000 பேர் புது நாட்டில் இறங்குகிறார்கள். சம்பளம் வெள்ளியில். ரொட்டி வாங்கவும் கள்ளுக் குடிக்கவும் சில்லறை வேண்டும். அந்த நேரம் பார்த்து ரோமின் அக்கசாலை (காசு அடிக்கும் கூடம்) செம்பு அடிப்பதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டது, நீரோ மறுபடி பெரிய அளவில் தொடங்க கி.பி. 64 வாக்கில் ஆகிவிட்டது. இடையில் இருபது வருஷத்துக்கு யார் சில்லறை தருவது? பிரிட்டனில் மட்டுமில்லை, கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பக்கம்), ஜெர்மனி, ஸ்பெயின் என்று படை இருந்த எல்லா இடங்களிலும் நகல் அடித்திருக்கிறார்கள். இவை படைமுகாமிலேயே அடித்தவையா, அதிகாரி அனுமதித்தவையா, கண்டும் காணாமல் விட்டவையா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கோட்டை, முகாம் இருந்த இடங்களில் இவ்வளவு கிடைப்பதைப் பார்த்தால் முகாமுக்குத் தெரியாமல் நடந்திருக்காது என்றுதான் எனக்குப் படுகிறது.

மச்சான் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார். "எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் மாதிரிங்க மாப்ள. தச்சது அதே ஆளு, துணி கொஞ்சம் மட்டம், லேபிள் மட்டும் பையரோடது. வாங்கறவனுக்கும் தெரியும், விக்கறவனுக்கும் தெரியும்." இதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது, அதனால் அப்படியே எழுதிவிட்டேன். இந்தக் காசுகளுக்கு அவர் வைத்த பெயர் நாட்டுக் காசு, நாட்டுத் துப்பாக்கி, நாட்டுச் சரக்கு வரிசையில்.

மத்தியானம் மழை விடவில்லை. சுற்றுச்சுவரைப் பார்க்கவேண்டும் என்ற ஆசையை டீக்கடையிலேயே கைவிட்டோம்.

புதன், பாத்

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது.

ரோமானியக் குளியல் கூடத்தில் கூட்டம் தாங்கவில்லை, ஆனால் காசுகள் இருக்கும் பக்கம் யாரும் அதிகம் நிற்பதில்லை என்பதால் எங்களுக்கு வசதி. வெந்நீர் ஊற்றில் சூலிஸ் மினர்வா தேவிக்கு வீசிய காசுகள் 12,000க்கும் மேல் கிடைத்திருக்கின்றன. நேற்றுப் பார்த்த கிளாடியஸ் நகல்கள் இங்கேயும் ஏராளம். தன் பொருளைத் திருடியவன் கண் போக வேண்டும், குடல் வேக வேண்டும் என்கிற பாணியில் ஈயத் தகட்டில் சாபம் எழுதி அதே ஊற்றில் போட்டிருக்கிறார்கள், அதுவும் 130 வரை கிடைத்திருக்கிறது. தேவியிடம் இவ்வளவு கறாராக நியாயம் கேட்டவர்கள் நாட்டுக் காசைக் காணிக்கை போடத் தயங்கவில்லை.

அடுத்து பியூ ஸ்ட்ரீட் குவியல். 2007இல் இதே ஊரில் ஹோட்டல் கட்டத் தோண்டியபோது கிடைத்தது, 17,577 காசுகள். எட்டுப் பைகளில் போட்டுப் புதைத்திருக்கிறார்கள், பை மக்கிப்போய்விட்டது, காசுகள் பையின் வடிவத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றன. கடைசிக் காசுகள் கி.பி. 274 வாக்கில். அந்த வருஷத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கி.பி. 215இல் சக்கரவர்த்தி காரகல்லா புதிதாக ஒரு வெள்ளிக் காசு விட்டார். அதில் சக்கரவர்த்தி தலையில் சூரியக் கதிர்க் கிரீடம் வைத்திருப்பார், அதனால் ரேடியேட் என்கிறோம். தொடக்கத்தில் பாதியாவது வெள்ளி. ஐம்பது சொச்சம் வருஷத்தில் போர், கொள்ளைநோய், வருஷத்துக்கு ஒரு சக்கரவர்த்தி என்று ஆகி, 270 வாக்கில் வெள்ளி இரண்டு மூன்று சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. மேலே ஒரு பூச்சு, உள்ளே செம்பு. நடுவில் 260இல் போஸ்டுமஸ் என்கிற தளபதி கால், பிரிட்டன், ஸ்பெயின் பகுதிகளைப் பிரித்து எடுத்துக்கொண்டு தனிச் சாம்ராஜ்யம் நடத்தினார். அவருக்குப் பின் வந்தவர்களில் விக்டோரினஸ், டெட்ரிகஸ், டெட்ரிகஸின் மகன் இந்த மூன்று பேரின் காசுதான் பிரிட்டன் வயல்களில் அள்ள அள்ளக் குறையாதது. 274இல் ரோம் சக்கரவர்த்தி அவ்ரேலியன் இந்தத் தனிச் சாம்ராஜ்யத்தை முடித்துவைத்து, காசையும் சீர்திருத்தி, எக்ஸ் எக்ஸ் ஐ என்று குறி போட்டுக் கொஞ்சம் நல்ல காசு விட்டார். அது பிரிட்டன் பக்கம் சரியாக வந்து சேரவே இல்லை. சந்தை இருக்கிறது, சரக்கு இருக்கிறது, சில்லறை இல்லை. அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷம் டெட்ரிகஸ் மாதிரியில் ஊர் ஊராக அவரவர் அடித்துக்கொண்டார்கள். அதைத்தான் பார்பரஸ் ரேடியேட் என்கிறார்கள்.

சாயந்திரம் ஒரு பழம்பொருள் கடையில் பிளாஸ்டிக் டப்பா நிறையக் களிம்பேறிய காசுகள் கிடந்தன, ஒன்று 4 பவுண்ட். கடைக்காரர் வயசானவர், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார் என்று ஜன்னலோர மேசையைக் கொடுத்தார். லென்ஸ், ஸ்கேல், பாக்கெட் தராசு மூன்றும் என் பையில் எப்போதும் இருக்கும். மச்சான் பொறுக்கிப் பொறுக்கிக் கொடுத்தார், நான் பார்த்தேன்.

முதலில் 18 மில்லிமீட்டர் காசு ஒன்று. இளமுகம், தாடியில்லை, கதிர்க் கிரீடத்தின் முனைகள் ஒரே அளவில் வரிசையாக. அப்பா டெட்ரிகஸுக்கு நீண்ட கூர்த்தாடி, விக்டோரினஸுக்குக் குட்டைத் தாடியும் வளைந்த மூக்கும், ஆகவே இது பையன். சுற்றி இருக்கும் எழுத்தில் டெட்ரிகஸ் என்ற பெயரின் நடுப்பகுதி தெரிகிறது. பின்பக்கம் நம்பிக்கைத் தேவதை ஸ்பெஸ், வலது கையில் பூ, இடது கையால் பாவாடை நுனியைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். துணி மடிப்பு, முழங்கால், பாதம் எல்லாம் எங்கே இருக்கவேண்டுமோ அங்கே இருக்கிறது. அக்கசாலைக் காசு.

அடுத்தது 13 மில்லிமீட்டர், ஒரு கிராமை ஒட்டித் தராசு ஆடுகிறது. தாடி இருக்கிறது, ஆனால் தாடி என்பது நாலு கோடு. கிரீடம் மூன்று முள். கண் ஒரு புள்ளி, முகத்தின் பாதிக்குப் பெரிய புள்ளி. எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் ஐ, ஐ, ஐ, வி, மறுபடி ஐ, நடுவில் ஒரு சி கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பி நிற்கிறது. அச்சு வெட்டுகிறவன் எழுத்தைத் தலைகீழாய் அல்ல, இடவலமாய் மாற்றி வெட்டவேண்டும், அப்போதுதான் காசில் நேராக விழும். எழுதப் படிக்கத் தெரியாதவன் முன்னால் இருக்கும் காசைப் பார்த்து அப்படியே வெட்டினால் காசில் திரும்பி விழும். பின்பக்கம் நலத் தேவதை சலுஸ். அசலில் அவள் பலிபீடத்தில் இருந்து எழும் பாம்புக்குத் தீனி கொடுப்பாள். இதில் பலிபீடத்தைக் காணோம், பாம்பு மட்டும் புள்ளி புள்ளியாய் ஆகாயத்தில் நெளிகிறது, தேவதை ஒரு முக்கோணமும் இரண்டு கோடும்.

இதோடு ஒரு சோதனை உண்டு. காசை மேலும் கீழும் இரண்டு விரலால் பிடித்து அச்சாணியில் சுற்றுவது போல் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். அக்கசாலைக் காசில் பின்பக்கத்து உருவம் பெரும்பாலும் நேராக நிற்கும் அல்லது சரியாகத் தலைகீழாக நிற்கும். நாட்டுக் காசில் அது எந்தக் கோணத்திலும் சாய்ந்து கிடக்கும், இந்தச் சலுஸ் கடிகாரத்தில் நாலு மணி திசையில் படுத்திருந்தாள்.

மூன்றாவது இன்னும் சின்னது, 9 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. பின்பக்கம் ஒரு சதுரம், உள்ளே கட்டம், கட்டத்துக்குள் புள்ளி. மச்சான் ஆடுபுலி ஆட்டம் என்றார். இது இரண்டாம் கிளாடியஸ் (நேற்றுப் பார்த்தவர் இல்லை, இருநூறு வருஷத்துக்குப் பின் வந்தவர்) 270இல் கொள்ளைநோயில் செத்தபின் அவரைச் சாமியாக்கி வெளியிட்ட காசின் நகல். அசலில் அது தீ எரிகிற பலிபீடம், முகப்பில் நாலு கட்டம், கட்டத்துக்கு ஒரு புள்ளி. நகல் அடித்தவர்களுக்கு இந்த மாதிரி ரொம்பப் பிடித்திருக்கிறது. கை, கால், துணி மடிப்பு எதுவும் வெட்ட வேண்டாம், ஸ்கேல் வைத்தாற்போல் நாலு கோடு இழுத்தால் முடிந்தது.

இவ்வளவு சுலபமா என்றால், இல்லை. டப்பாவில் பாதிக்கு மேல் நடுவாந்தரக் காசுகள். டெட்ரிகஸின் அக்கசாலையே கடைசிக் காலத்தில் அவசரத்தில் அடித்தது. தகடு கோணல், அச்சு விலகி விழுந்து பெயரில் பாதி வெளியே போயிருக்கும், எடையும் ஒரு நிலையில் நிற்காது. அதனால் சின்னதாக, அசிங்கமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் நகல் என்று எழுதிவிட முடியாது. தேய்ந்ததா, தெரியாமல் வெட்டியதா என்று பிரிக்கவேண்டும். தேய்மானம் மேட்டைத்தான் தின்னும், மூக்கும் கிரீட முனையும் மழுங்கும், ஆனால் எழுத்தின் அளவையும் இடைவெளியையும் மாற்றாது. மிச்சமிருக்கும் இரண்டு எழுத்து ஒழுங்காக இருந்தால் நான் அக்கசாலைப் பக்கம் சாய்வேன். அப்புறம் முன்பக்கம் டெட்ரிகஸ், பின்பக்கம் அவர் வெளியிட்டே இராத, வேறு சக்கரவர்த்திக்கு உரிய படம் என்று வந்தால் எழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் அது நகல்தான்.

இணையத்தில் பலர் செய்வது, தாடியைப் பார்த்ததும் டெட்ரிகஸ் என்று பெயர் சூட்டிவிடுவது. அடித்தவனுக்கே யார் தலை என்று தெரியாத காசுக்கு நாம் ஏன் அடம்பிடித்துப் பெயர் வைக்கவேண்டும்? டெட்ரிகஸ் வகை நகல் என்று எழுதினால் குறைந்தா போய்விடுவோம்?

களிமண் அச்சில் ஊற்றி வார்த்தவை, செம்புக்கு மேல் வெள்ளித் தகடு போர்த்தியவை எல்லாம் வேறு ஜாதி. நல்ல காசைக் களிமண்ணில் அழுத்தி அச்சு எடுத்து மட்டமான உலோகத்தை ஊற்றியிருக்கிறார்கள், அப்படிப்பட்ட களிமண் அச்சுகள் பிரிட்டனில் பல இடங்களில் கிடைத்திருக்கின்றன. ஓரத்தில் ஒட்டுக்கோடு, மேலே நுண்ணிய குமிழ்க் குழி, எழுத்தின் விளிம்பு சோப்பு மாதிரி வழுக்கல். இதில் அசல் என்று நம்பவைக்கிற நோக்கம் வெளிப்படை, அதைக் கள்ளக் காசு என்று சொல்ல எனக்கு ஆட்சேபமில்லை. முகம் முக்கோணமாகவும் எழுத்து குச்சியாகவும் இருக்கிற 9 மில்லிமீட்டர் துணுக்கை எவனும் டெட்ரிகஸ் காசு என்று நம்பி வாங்கியிருக்க மாட்டான்.

மூன்றையும் வாங்கினேன். 12 பவுண்ட்.

வியாழன், டான்டன்

பிரிஸ்டல் வழியாக டான்டன். சாமர்செட் மியூசியமும் ஒரு கோட்டைக்குள்தான். இங்கே வந்தது ஒரே ஒரு பானைக்காக.

2010 ஏப்ரலில் ஃப்ரோம் என்கிற ஊருக்குப் பக்கத்து வயலில் மெட்டல் டிடெக்டர்காரர் ஒருவருக்குப் பானை வாய் தட்டுப்பட்டது. அவர் செய்த பெரிய காரியம், தோண்டுவதை நிறுத்தியது. மண்ணை மூடிவிட்டுத் தொல்லியல் ஆட்களைக் கூப்பிட்டார். அவர்கள் பானையை அங்கேயே வைத்து, அடுக்கு அடுக்காகக் காசுகளை எடுத்துத் தனித்தனிப் பைகளில் போட்டார்கள். மொத்தம் 52,503 காசுகள், எடை 160 கிலோ. கடைசியில் மியூசியம் 3,20,250 பவுண்ட் கொடுத்து வாங்கியது, அந்தத் தொகை கண்டெடுத்தவருக்கும் நிலச் சொந்தக்காரருக்கும் போயிற்று.

அடுக்காக எடுத்ததால்தான் ஒரு விஷயம் தெரிந்தது. குவியலில் காலத்தால் கடைசி, கராஸியஸ் என்பவருடைய காசுகள், 766. கொஞ்சம் கொஞ்சமாகச் சேமித்திருந்தால் கடைசிக் காசு மேலே இருக்கவேண்டும். இங்கே அவற்றில் பெரும்பகுதி பாதிக்கும் கீழே. அதாவது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டியிருக்கிறார்கள். அதோடு இந்த மண்பானையை 160 கிலோவோடு தூக்கினால் உடைந்துவிடும். முதலில் பானையைக் குழியில் இறக்கி, அப்புறம்தான் காசைக் கொட்டியிருக்கவேண்டும். திரும்ப எடுக்கிற உத்தேசம் இருந்தால் இப்படியா வைப்பான்? ஊர் கூடிச் சாமிக்குக் கொடுத்த காணிக்கையாக இருக்கலாம் என்று ஆராய்ந்தவர்கள் சொன்னது எனக்கு ஏற்புடையதாகவே இருக்கிறது. மச்சான் ஒப்பவில்லை. "வரிக்குப் பயந்து பொதைச்சிருப்பாங்க."

பானையைவிட அதிகநேரம் நான் நின்றது கராஸியஸின் வெள்ளிக் காசுகள் முன்னால். ஐந்தே ஐந்து டினாரியஸ். சட்டப்படியான சக்கரவர்த்திகள் செம்புக்கு வெள்ளி பூசி ஓட்டிக்கொண்டிருந்த நாளில், ரோமை எதிர்த்துக் கிளம்பிய ஆள் கிட்டத்தட்ட சுத்த வெள்ளியில் காசு அடித்திருக்கிறார். ரோம் தரப்புச் சக்கரவர்த்தி டயோக்ளீஷியன் தன் பங்குக்கு நல்ல வெள்ளிக் காசு விட 294 வாக்கில் ஆகிவிட்டது.

வெள்ளி, போர்ட்செஸ்டர்

டான்டனில் இருந்து இங்கே வர ரயில் மாறி மாறி உட்கார வேண்டியதாகிவிட்டது. வந்தது வீண் இல்லை. கடலை ஒட்டிச் சதுரமான ரோமானியக் கோட்டைச் சுவர், வட்டமாய் முன் தள்ளிய காவல் கோபுரங்கள், பெரும்பாலும் முழு உயரத்தில் நிற்கிறது. கராஸியஸ் காலத்தில் கட்டியது என்று கருதுகிறார்கள்.

கராஸியஸ் கதை இதுதான். இங்கிலீஷ் கால்வாயில் ரோமானியக் கடற்படைக்குத் தலைவர், கடற்கொள்ளையரைப் பிடிக்கும் வேலை. பிடித்த கொள்ளைப் பொருளைத் தானே வைத்துக்கொள்கிறார் என்று குற்றம் சாட்டி டயோக்ளீஷியனின் கூட்டாளிச் சக்கரவர்த்தி மாக்ஸிமியன் அவரைக் கொல்ல உத்தரவு போட்டார். செய்தி காதுக்கு எட்டியதும் 286 வாக்கில் நான்தான் சக்கரவர்த்தி என்று பிரிட்டனைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அவருடைய முதல் காசுகளைப் பார்த்தால் புதன்கிழமை நான் எழுதியதெல்லாம் ஆட்டம் காணும். பழைய டெட்ரிகஸ், விக்டோரினஸ் காசுகளின் மேலேயே தன் அச்சை வைத்து அடித்திருக்கிறார்கள், கீழே பழைய முகத்தின் கிரீட முனை எட்டிப் பார்க்கும், எழுத்து கோணல், அமைதித் தேவதையின் கால் குச்சி. டப்பாவில் கிடந்தால் நாட்டுக் காசு என்று தள்ளிவிடலாம். ஆனால் அடித்தது அரசு. சீக்கிரமே லண்டனில் ஒழுங்கான அக்கசாலை வந்துவிட்டது, எழுத்தும் முகமும் திருந்திவிட்டன. சி என்று குறி போட்ட இன்னொரு அக்கசாலையும் இருந்தது, அந்த சி நாங்கள் செவ்வாய்க்கிழமை மழையில் நனைந்த கோல்செஸ்டரா வேறு ஊரா என்று இன்னும் தகராறு.

ஆளுக்குப் படிப்பும் இருந்திருக்கிறது அல்லது படித்த ஆள் பக்கத்தில் இருந்திருக்கிறார். அவர் காசில் ஆர் எஸ் ஆர் என்று மூன்று எழுத்து வரும், ஒரு பதக்கத்தில் ஐ என் பி சி டி ஏ என்று வரும். எந்த அக்கசாலைக் குறி, எந்த அதிகாரி பெயர் என்று ரொம்ப நாள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 1998இல்தான் பிடிபட்டது, இரண்டும் ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் நான்காவது முல்லைக்கவிதையில் அடுத்தடுத்த அடிகளில் வரும் சொற்களின் முதலெழுத்துகள்: பொற்காலம் திரும்புகிறது, வானத்தில் இருந்து புதிய தலைமுறை இறங்குகிறது. இன்னொரு காசில் மூன்று தலைகள் அருகருகே, கராஸியஸும் அவருடைய சகோதரர்களும் என்று எழுத்து. சகோதரர்கள் யார்? டயோக்ளீஷியனும், அவரைக் கொல்லச் சொன்ன அதே மாக்ஸிமியனும்! அவர்கள் இந்த உறவை ஒப்புக்கொண்டதாக அவர்கள் காசில் ஒரு தடயமும் இல்லை.

293இல் அவருடைய நிதி அதிகாரி அல்லெக்டஸ் அவரைத் தீர்த்துவிட்டு உட்கார்ந்தார், 296இல் ரோம் தரப்பில் கான்ஸ்டான்டியஸின் படை வந்து அல்லெக்டஸைத் தீர்த்தது. லண்டன் அக்கசாலையை ரோம் மூடவில்லை, அங்கேயே தன் பெயரில் தொடர்ந்து அடித்தது, 325 வாக்கு வரை. மச்சான் சுவர்மேல் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப 295ல அடிச்சது கள்ளக் காசு, 297ல அடிச்சது நல்ல காசுங்களா?" ரோமைக் கேட்டால் ஆமாம். சந்தையில் கேட்டிருந்தால் 295இல் அப்படி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கராஸியஸ் காசுக்கே ஊர்ப்புறத்தில் நகல் அடித்திருக்கிறார்கள், அவற்றைக் கூட அவருடைய ஆரம்பக் காசுகளில் இருந்து பிரிக்க நான் தடுமாறுகிறேன்.

ரயிலில் பாத்தில் வாங்கிய மூன்றுக்கும் உறை எழுதினேன். ஒன்று, டெட்ரிகஸ் மகன், ஸ்பெஸ், அக்கசாலை. இரண்டு, டெட்ரிகஸ் வகை நகல், சலுஸ், 274க்குப் பின். மூன்று, சாமியாக்கிய இரண்டாம் கிளாடியஸ் வகை நகல், பலிபீடம், 9 மி.மீ.

மச்சானுக்கு அந்த ஆடுபுலி ஆட்டம்மேல் ஒரு கண். கொடுத்தனுப்ப ஆசைதான், ஆனால் பிரிட்டன் மண்ணில் கிடைத்த தொல்பொருளை வெளியே கொண்டுபோக ஏற்றுமதி லைசென்ஸ் வேண்டும், இது எந்த வயலில் கிடைத்தது என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. லைசென்ஸ் என்றதும் ஏற்றுமதிக்காரர் மேற்கொண்டு பேசவில்லை. கரூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"பஸ்ல அந்த வழியா நூறு தடவ போயிருப்பனுங்க மாப்ள. உள்ள போனதில்ல."

போனால் படம் எடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். காசைத் திருப்பிப் பார்த்துக் கோணமும் சொல்கிறேன் என்கிறார், பெட்டியைத் திறந்து யார் கொடுக்கப்போகிறார்கள் என்று கேட்டால், "பேசிப் பாக்கறனுங்க" என்கிறார்.